பிறந்த முறை, கட்டின முறை

ஜூன் 3, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, ஆபீஸில் பெனிட்டா நேற்று என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்தேன். பல் விளக்கவில்லை. வாசல் கதவைக்கூடத் திறக்கவில்லை. சமையலறை மேடையில் சாய்ந்து, கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, கைப்பேசியை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

நன்றாக எழுதியிருந்தாள். அதுதான் பிரச்சினை.

“நீ என்ன வேலைதான்மா செய்யறே?” என்று போன வாரம் தாரிணி கேட்டாள். திருச்சியில் பி.காம். படிக்கிற பெண்ணுக்குப் புரியும்படி எழுதிப் பார்த்தேன். அனுப்பவில்லை. இங்கேயாவது இருக்கட்டும்.

மில்களில் ஓடும் மெஷின்களுக்குக் கட்டளை எழுத எங்கள் கம்பெனி ஒரு சின்ன மொழி வைத்திருக்கிறது. எஞ்சினியர்கள் அதில் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். அந்தக் கம்பைலரில் ஒரு மூலை என்னுடையது. எஞ்சினியர் ஒரு மெஷினின் பெயரை எழுதி, புள்ளி வைத்து, ‘நிறுத்து’ என்று எழுதுகிறார். நிறுத்துவது மெஷினுக்கு மெஷின் வேறு. ஆகவே புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது என்ன இனம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இனம் தெரிந்ததும் அதற்கென்றே எழுதிய சொந்த முறை இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் அதுதான், மேற்கொண்டு தேடுவதில்லை. இல்லாவிட்டால் அந்த இனம் ஏற்றுக்கொண்ட குணங்களில் தேடுவோம். ‘நிற்கக்கூடியது’ என்பது ஒரு குணம். அதை ஏற்ற எல்லா இனத்துக்கும் ‘நிறுத்து’ என்ற முறை பொதுவாக வந்துவிடும்.

இனம், குணம், முறை. இந்தச் சொற்களை ஆரம்ப நாட்களில் வெள்ளைப் பலகையில் எழுதியது நான். இப்போது ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். யார் வைத்த பெயர் என்று யாரும் கேட்பதில்லை.

சில வரிகளில் ‘அது’ என்று மட்டும் இருக்கும். அது எது என்பது நாலு வரி தள்ளித்தான் தெரியும். அதற்கு நான் ஒரு குறுக்குவழி வைத்திருந்தேன். அந்தக் குணம் உள்ள இனம் ஊரிலேயே ஒன்றுதான் என்றால், காத்திருக்காதே, அதுவேதான் என்று எடுத்துக்கொள். எல்லோருக்கும் பிடித்திருந்தது. பெனிட்டா வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அவள் கேட்கிறாள்: இரண்டாவதாக ஒரு மெஷின் வந்து அதே குணத்தை ஏற்றால்? நேற்று வரை ஓடிய புரோகிராம் இன்று ‘யாரைச் சொல்கிறாய்’ என்று நின்றுவிடாதா? குறுக்குவழியை எடுத்துவிடுவோம். இனம் தெரியாத வரிகளை ஓரமாக உட்காரவைத்து, கடைசியில் தீர்த்துவைப்போம்.

“இத்தன வருசமா இத யாருமே கேக்கலையேங்க,” என்றார் பரஞ்சோதி சார். கம்பெனி அவருடையது. அவளைப் பார்த்துத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பாமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒருவர் இருக்கும் வரை யாரும் இனம் கேட்பதில்லை.

ஜூன் 4, புதன்

மதியம் பெனிட்டா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நாகர்கோவில்காரி. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொண்டு வந்திருந்தாள். பாதியை என் டப்பா மூடியில் வைத்தாள், கேட்காமலே.

“எக்கா, ஒரு சந்தேகமாக்கும். ஒரே பேருல சொந்த முறையும் இருக்கு, குணத்துல வந்த முறையும் இருக்கு. எதுக்கு எப்பவும் சொந்தமே முதல்ல வரணும்?”

எனக்கு அவளோடு பேச விருப்பமில்லை. சீக்கிரம் முடிக்கிற மாதிரி ஒன்றைச் சொன்னேன்.

“எங்கக்காவ எங்க தாய்மாமனுக்கே கட்டிக் குடுத்தாங்க. அக்காங்கறது பொறந்த முறை. மாமன் சம்சாரம்னா அத்தை, அது கட்டின முறை. நான் என்னன்னு கூப்பிடறேன்?”

“அக்கான்னுதான?”

“ஆமா. பொறந்த முறைதான் முதல்ல. இல்லீன்னா அவ என்னை அடிப்பா.”

அவள் சிரித்துவிட்டு, மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“எங்க வீட்டுல வேற மாதிரிக்கா. எங்க அம்மைக்க அக்கா, ரொம்பப் பிந்திக் கல்யாணம் பண்ணினா. யாரை? எங்க அப்பாக்க தம்பிய. பொறந்த முறையில பெரியம்மை, கெட்டின முறையில சித்தி. எங்க அண்ணன் அவ கல்யாணத்துக்கு முன்ன பொறந்தவன், பெரியம்மைன்னுதான் கூப்பிடுவான். நான் பிந்திப் பொறந்தவ. எனக்கு அவ சித்தி.”

“ஒரே ஆளு. அண்ணனுக்குப் பெரியம்மா, தங்கச்சிக்குச் சித்தி. கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிப்பாவ. பிந்தி வந்தா கெட்டின முறை, அது எங்க வீட்டுச் சட்டமாக்கும்.”

மீன் குழம்பு நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மோட்டார் ரிப்பேர். நாளைக் கூட்டத்துக்குப் பட்டுப்புடவை வேண்டாம் என்று காட்டன் எடுத்து வைத்தேன். பேசப் போவது நான் இல்லையே.

ஜூன் 7, சனி

அவிநாசி ரோட்டில் ஒரு ஹாலில் வாடிக்கையாளர் கூட்டம். மில் எஞ்சினியர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். போன வருடம் இதே விஷயத்தை நான் பேசினேன். முடிவில் ஒரே ஒரு கேள்வி வந்தது. “டீ எப்பங்க?”

இந்த வருடம் பெனிட்டா. அவள் மேடை ஏறியதும் நான் சாம்பார் போதுமா என்று பார்க்கப் பின்பக்கம் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. சமையல்காரர் “எல்லாம் போதுமுங்க” என்று இரண்டு தடவை சொன்னார். அப்பளம் எண்ணிக்கொண்டு நின்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவருகே போனேன். “கல்யாண வீட்டுல முறை தெரியாமக் கூப்பிட்டா சண்டை வரும், கம்பைலர்லயும் அப்படித்தான். அதனால அது முதல்ல ‘நீங்க யாருக்க வழி’ன்னு கேட்டுக்கிடும்.” அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் தன் வீட்டு இரட்டை முறையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அக்காவைத் தாய்மாமனுக்குக் கட்டிய கதையும் வந்தது. என் அக்கா. என் தாய்மாமன்.

மறுபடி அப்பளத்திடம் போனேன். கைதட்டல் நின்ற பிறகுதான் உள்ளே வந்தேன்.

பரஞ்சோதி சார் சாப்பாட்டுப் பந்தியில், “அந்தப் புள்ள கெளப்பீட்டாளுங்க,” என்றார். ஆமாங்க என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

தாரிணி பேசினாள். யாரோ கூட்டத்தின் வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள்.

“அம்மா, இப்பத்தான் நீ என்ன வேலை செய்யறேன்னே புரிஞ்சுது. செமயா பேசறாங்க அந்த அக்கா.”

“நான் சொன்னப்ப புரியலையா?”

“நீ எங்கம்மா சொன்னே? கேட்டா பெருமூச்சுதான் விடுவே.”

“அந்தக் கல்யாணக் கதை நான் சொன்னதுதான்.”

“தெரியும்மா. அவங்களே சொன்னாங்களே, ‘இது எங்க கோதையக்கா சொல்லித் தந்தது, அவங்க பின்னால நிக்கிறாங்க’ன்னு. கேமரா திரும்புது, நீ இல்ல. எங்கே போனே?”

சாம்பார் பார்க்கப் போனேன் என்றேன்.

பேச்சின் நடுவில்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கலாம்.

ஜூன் 11, புதன்

பெனிட்டாவின் மாற்றம் முழுதாக ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. அவள் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் கம்பைலரில் சேரும். இனங்காணல் பகுதிக்கு அந்த இன்னொருவர் எப்போதும் நான்.

என் குறுக்குவழியை வேரோடு எடுத்திருந்தாள். எடுத்த இடம் தெரியாமல் எடுத்திருந்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றேன்.

இனம் உடனே தெரிகிற இடங்களில் எல்லாம் சரி. சொந்த முறை முதலில், பிறகு குண முறை. ஓரமாக உட்காரவைத்த வரிகளைக் கடைசியில் கூப்பிடும்போது மட்டும் குண முறையை முதலில் தேடுகிறது. அது கிடைத்துவிட்டால் அதோடு சரி, சொந்த முறையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பிந்தி வந்தவர்களுக்குக் கட்டின முறை. அவள் வீட்டுச் சட்டத்தை அப்படியே கம்பைலரில் எழுதிவிட்டாள். அவளுக்கே தெரியாது.

பிழைச் செய்தி வராது. சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன, ஏனென்றால் இரண்டு முறையும் ஒரே பெயரில் உள்ள மெஷினை வைத்து நாங்கள் யாரும் சோதனை எழுதியதில்லை. அப்படி ஒரு மெஷின் இப்போதுதான் வருகிறது. பஞ்சைச் சீவுகிற கார்டிங் மெஷினில் புது மாதிரி. அதன் சொந்த ‘நிறுத்து’, பிரேக் போட்டு உருளையை அந்த நொடியே நிறுத்தும். மூடியைத் திறந்தால் அதுதான் நடக்க வேண்டும். குணத்தில் வருகிற ‘நிறுத்து’, பஞ்சு அறுந்துபோகாமல் மெல்ல மெல்ல நிறுத்தும்.

மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். எனக்குள் ஏதோ ஒன்று வெகுநாள் கழித்துக் காலை நீட்டி உட்கார்ந்தது.

சாயங்காலம் கேசரி கிளறினேன். “இன்னிக்கு என்ன விசேசம்?” என்றார் இவர். இவருக்குப் பாலிடெக்னிக்கில் பிசிக்ஸ் பாடம், எதற்கும் காரணம் வேண்டும்.

“ரவை பழசாயிருச்சுங்க. வண்டு வந்துரும்.”

ஜூன் 12, வியாழன்

ஒப்புதல் கொடுத்தேன். கருத்து எழுதும் இடத்தில் ‘நன்று’ என்று எழுதினேன். பொய் இல்லை. மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் மில்லில் அந்தப் புது மெஷினில் சோதனை ஓட்டம் இருக்கிறது. அங்கே தெரிந்துவிடும். சோதனை என்பது அதற்குத்தானே. பரஞ்சோதி சார் பக்கத்தில் நிற்கும்போது தெரிந்தால் அவருக்கும் ஒரு பாடம்.

ஜூன் 13, வெள்ளி

சிறுவாணித் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்திலும் பிடித்தேன். அந்த வரியைப் பற்றி நினைக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

பெனிட்டா ஊருக்குப் போய் வந்திருக்கிறாள். என் மேஜையில் ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து.

“எதுக்கு இதெல்லாம்?”

“நீங்க ஒரே வார்த்தையில நன்றுன்னு எழுதினிய பாத்தியளா, அதுக்கு. அம்மைட்ட காட்டினேன். இவ்வளவு சின்னதா எழுதியிருக்காளேன்னா. நான் சொன்னேன், கோதையக்கா தப்பு இருந்தா பக்கம் பக்கமா எழுதுவாவ, ஒண்ணும் இல்லைன்னாத்தான் ஒத்த வார்த்தைன்னு.”

“நான் ஒண்ணும் அவ்வளவு…”

“இல்லக்கா. நீங்க பாத்தாச்சுன்னா எனக்குப் பயம் இல்ல. இது மில்லுல ஓடிட்டுதுன்னா சார் என்னை நிரந்தரம் பண்ணுவாவ. பண்ணினா அம்மைய இங்க கூட்டிட்டு வந்துருவேன். அங்க தனியாக் கெடக்கா.”

முந்திரிக்கொத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவர் சாப்பிட்டார். நான் தொடவில்லை.

அவள் இவ்வளவு நம்பாமல் இருந்தால் எனக்கு எளிதாக இருக்கும். நம்புவதில்கூட என்னைவிடக் கெட்டிக்காரியாக இருக்கிறாள்.

ஜூன் 18, புதன்

பரஞ்சோதி சாரிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை மூடியத் தொறந்து பாக்கறது யாருங்க? நம்ம ஆளா?”

“நாம எதுக்குங்க? தெனமும் ஓட்டற ஆபரேட்டரே தொறக்கட்டும். அப்பத்தான் நெசமான சோதனை.”

இதை நான் யோசிக்கவில்லை. திரையில் நிற்க எடுத்த நேரம் சிவப்பில் வரும், எல்லோரும் பெனிட்டாவைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. கார்டிங் உருளை முழுக்க ஊசிப்பல் என்பது எனக்குத் தெரியாததில்லை.

மூன்று மணிக்கு பெனிட்டாவுக்கு ஒரு செய்தி அடித்தேன். ‘ஓரமாக வைத்த வரிகளில் தேடும் வரிசையை இன்னொரு முறை பார்.’ அனுப்பும் முன் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். முடியை வெட்டியிருந்தாள். “நல்லா இருக்காக்கா?” என்றாள். இருந்தது. அவள் போன பிறகு செய்தியை அழித்தேன். இன்னும் நாளை ஒரு நாள் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

தலைவலி என்று லீவு போட்டேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். தலைவலியும் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

உடுமலைப் பக்கம் மில். சார், பெனிட்டா, நான், மூவரும் ஒரே காரில் போனோம். வழியெல்லாம் அவள் காற்றாலைகளைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தாள். நான் தூங்குவது போல இருந்தேன்.

கார்டிங் பகுதியில் பஞ்சுத் தூசு மிதந்து புருவத்தில் ஒட்டியது. ஆபரேட்டர் பெயர் மரகதம். என்னைவிடச் சின்னவள், தலையில் துண்டு கட்டியிருந்தாள். பெனிட்டாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏனுங் மேடம், நீங்களா இதுக்கு எழுதுனது? பாத்தா பள்ளிக்கோடத்துப் புள்ளையாட்ட இருக்கறீங்க.”

“பையை வெளியில வச்சிட்டுத்தான் வந்தேன்க்கா.”

மரகதம் சிரித்தாள். “நெசமாலுமே மூடியத் தொறந்தா நின்னு போயிருமுங்ளா? பழைய மெஷினு அதுபாட்டுக்குச் சுத்தீட்டுக் கெடக்கும். நாங்க எட்டவே நின்னுக்குவோம்.”

“உடனே நின்னுரும். நீங்க எட்ட நிக்கவே வேண்டாம்.”

முதல் ஓட்டம். மூடியைத் திறந்தாள், உருளை சட்டென்று நின்றது. இரண்டாவதும் அப்படியே. மரகதத்துக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது தடவை மூடி திறந்த கையோடு உள்ளே கைவிட்டு, ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்து எங்களுக்குக் காட்டினாள். “அட, பாருங், சொன்னபடி கேக்குது.” பரஞ்சோதி சார் மில் மேனேஜரைப் பார்த்துத் தலையசைத்தார். பெனிட்டா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த இரண்டும் சரியாக நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவற்றில் கட்டளை ஒரே மெஷினுக்கு, இனம் உடனே தெரிந்துவிடும். மூன்றாவது ஓட்டத்தில் கட்டளை மெஷின்களின் மொத்த வரிசைக்கு. வரிசையில் நிற்பது எந்த மெஷின் என்பது கம்பைலருக்குப் பிந்தித்தான் தெரியும்.

இதையெல்லாம் இப்போது எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அங்கே நிற்கும்போது ஒன்றுதான் தெரிந்தது. மரகதத்துக்கு மெஷின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. வலது கை மூடியின் பிடியில் இருக்கிறது, இடது கை பஞ்சைக் கிள்ளத் தயாராக இருக்கிறது.

“போலாமுங்ளா?” என்றாள்.

“தொறங்க,” என்றார் சார்.

பக்கத்துச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அடித்தேன். மொத்த வரிசையும் கரண்ட் போய் நீளமாக மூச்சு விட்டது. மூடி திறக்கவில்லை. மரகதம் பயந்து பின்னால் வந்துவிட்டாள்.

“ஏனுங் கோதை?” என்றார் சார்.

“மூணாவது வேண்டாங்க. வரிசையில போனா சொந்த முறைய விட்டுட்டு குண முறைய எடுக்குது. மூடியத் தொறந்தாலும் உருளை மெதுவாத்தான் நிக்கும்.”

மேனேஜர் அறையில் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார்கள். பெனிட்டாவே அந்த வரியைக் கண்டுபிடித்தாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். பார்த்தேன். ரசிக்கும்படி ஒன்றும் இல்லை. உதடு காய்ந்து, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க கோதை இல்லீன்னா இன்னிக்கு ஒரு கை போயிருக்குமுங்க,” என்று பரஞ்சோதி சார் மேனேஜரிடம் சொன்னார். “அனுபவம்ங்கறது இதானுங்க.” பிறகு, சத்தம் உயர்த்தாமல் பெனிட்டாவிடம், “அம்மிணி, நீங்க கொஞ்ச நாளைக்குக் கையேடு எழுதுங்க. இனங்காணல் பக்கம் வர வேண்டாம். நிரந்தரம் பத்தி அப்பறம் பேசிக்கலாம்.”

“சரி சார்.”

மரகதம் டீ கொண்டுவந்தாள். “எப்பிடீங் மேடம் தெரிஞ்சுது?” என்று கேட்டாள். டம்ளரைப் பிடித்திருந்த விரல்களைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

“நிக்கும்போது தோணுச்சு.”

திரும்பும்போது காற்றாலைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பல்லடம் தாண்டியதும் பெனிட்டா மெதுவாகக் கேட்டாள்.

“எக்கா, ரிவ்யூல இது ஒங்க கண்ணுல படலியா?”

“படல.”

“ம். எனக்கே படலியே. எழுதினவ நான். நீங்க அந்தப் பொத்தானை அடிச்சிய பாருங்க. எனக்குக் காலே ஓடல. நன்றிக்கா,” என்றாள்.

ஜூன் 21, சனி

இவர் காலையிலேயே தன் நண்பர்களுக்கெல்லாம் போன் செய்துவிட்டார். “ஒரு பொம்பளையோட கையக் காப்பாத்தியிருக்காப்பா.” பக்கத்து வீட்டில் இருந்துகூட வந்து விசாரித்தார்கள். பரஞ்சோதி சார் எல்லோருக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறார். இனிமேல் இனங்காணல் முழுப் பொறுப்பும் பூங்கோதைக்கு என்று, என் முழுப்பெயர் போட்டு.

பதினைந்து நாளுக்கு முன் இந்த வரியைப் படித்திருந்தால் அழுதிருப்பேன். இன்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே படித்தேன். காம்பையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

லீவு நாளில் பெனிட்டா ஆபீஸுக்குப் போயிருக்கிறாள். மதியம் செய்தி வந்தது. ‘எக்கா, கையேட்டுக்குப் போறதுக்கு முன்ன இத மட்டும் சரியாக்கிட்டுப் போறேன். பாத்துத் தாங்க. எங்க வீட்டுச் சட்டம் தெரியாம கைல வந்துட்டு. பொறந்த முறைதான் முதல்லன்னு நீங்க அன்னைக்கே சொன்னிய.’

திறந்து பார்த்தேன். மூன்றே வரி. பிந்தி வந்தவர்களுக்கென்று தனிச் சட்டமே வைக்காமல், முந்தி வந்தவர்கள் நுழைந்த அதே வாசலுக்கு அவர்களையும் திருப்பி அனுப்பியிருந்தாள். நான் சரிசெய்ய உட்கார்ந்திருந்தால் இரண்டாவதாக ஒரு வாசல் கட்டி, அதற்கு ஒரு காவலும் போட்டிருப்பேன். எனக்கு இது தோன்றியிருக்காது. எத்தனை நாள் கொடுத்திருந்தாலும் தோன்றியிருக்காது.

மறுபடியும் அதே எரிச்சல். தோற்று, கெட்ட பெயர் எடுத்து, கையேடு எழுதப் போகிற நிலையிலும் அவளால் எப்படி இப்படி எழுத முடிகிறது? அவளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கேயும் அவள் மேல் பொறாமைதான்.

ஜூன் 22, ஞாயிறு

தாரிணி பேசினாள். அப்பா சொல்லிவிட்டார் போல. “எங்க ஹாஸ்டல் ஃபுல்லா சொல்லிட்டேன்மா. பெனிட்டா அக்கா ஓக்கேவா? பாவம்ல?”

“ஓக்கேதான்,” என்றேன்.

“நீ பேசுனியா அவங்ககிட்ட?”

“பேசணும்.”

இவர் மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டார். நான் துவைத்த திரைச்சீலைகளை மாட்டினேன். ஒன்று நீளம் குறைந்திருந்தது.

யோசித்துப் பார்த்தேன். பதினோராம் தேதி புதன்கிழமையே எனக்குத் தெரியும். வியாழக்கிழமை ‘நன்று’ எழுதினேன். இடையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கலாம். இதைப் பரஞ்சோதி சாரிடம் தனியாகப் போய்ச் சொன்னால் அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார். பிறகு, ‘இருந்தாலும் நீங்களே வந்து சொன்னீங்க பாருங்க’ என்பார். நேர்மையானவள் என்று ஒரு பேர் கிடைக்கும். அதையும் பெனிட்டாவிடமிருந்து எடுத்துக்கொண்ட மாதிரிதான் ஆகும். இவரிடம் சொன்னால் சமாதானம் சொல்வார். தாரிணியிடம் சொன்னால் அவள் அழுவாள், பிறகு நான் அவளைத் தேற்ற வேண்டிவரும்.

சொன்னால் எனக்கு எந்த ஆறுதலும் தராத ஆள் ஒருத்திதான் இருக்கிறாள்.

நாளை மதியம், சாப்பாட்டு மேஜையில், அவள் டப்பாவைத் திறக்கும் முன் சொல்லப் போகிறேன். அந்த வரியை நான் பார்த்தேன், தெரிந்தேதான் நன்று என்று எழுதினேன் என்று. பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு பரஞ்சோதி சார் அறைக்குப் போய், அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவரிடம் சொல்வேன். இனங்காணல் யாருக்கு என்பதை அதற்கப்புறம் அவர் முடிவு செய்துகொள்ளட்டும். அவள் என்னோடு மறுபடி பேசுவாளா என்று தெரியாது. பேசாமலும் போகலாம்.

அந்த மூன்று வரியை இப்போதும் ஒரு தடவை திறந்து பார்த்தேன். எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. அது போன பிறகு சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தால் நான் சொல்லவே மாட்டேன்.